மாமனார் விட்டுச்சென்ற பழைய மோட்டார் சைக்கிள் சாமான்: எது என்ன, எவ்வளவு பெறும்?

முதலில் விலை பேச வந்த அந்தப் புதுப்பேட்டைப் பழைய சாமான் வியாபாரியிடம் "ஒரு மாதம் போகட்டும், பேசுவோம்" என்று சொல்லி அனுப்பிவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தத் தொழிலில் அது சகஜம்.

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஜாஃபர்கான்பேட்டையில் மாமனார் நாற்பது வருடம் பட்டறை நடத்தினார். அவர் காலமான பிறகு மூன்று மரப்பெட்டி, இரண்டு சாக்குமூட்டை, நட்டு போல்ட் நிரம்பிய ஹார்லிக்ஸ் டப்பாக்கள், ஒரு பெட்ரோல் டேங்க் எல்லாம் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. 'மேட் இன் இங்கிலாந்து' போட்ட வட்ட மீட்டர், அமால் கார்புரேட்டர், லூகாஸ் மேக்னட் (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ), அட்டைப்பெட்டியில் பிஸ்டன்கள், எண் அடித்த அலுமினிய எஞ்சின் கேஸ் ஆகியவை உங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன. காயலான் கடைக்காரர் கிலோ கணக்குப் பேசுகிறார். புதுப்பேட்டைக்காரர் மொத்தத்துக்கும் 25,000 ரூபாய் என்கிறார். இது நியாயமா, ஏமாற்றா என்று கேட்கிறீர்கள்.

ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத பெட்டிக்கு அவர் ஒரு விலை சொல்கிறார், தன் கைக்குக் கடிக்காதபடி சொல்கிறார். எந்த வண்டியின் எந்தப் பாகம் என்று சொல்ல முடியாத சாமானுக்கு இரும்பு விலைதான். அதே சாமானில் ஒரு சீட்டுக் கட்டி, வண்டியின் பெயர், வருடம், அளவு மூன்றையும் எழுதிவிட்டால் விலை வேறாகிவிடும். அந்தச் சீட்டை எழுதும் வேலையை இப்போது அவர் செய்யப்போகிறார், நீங்கள் செய்தால் அந்தக் காசு உங்களுக்கு. வேறு ரகசியம் எதுவும் இதில் இல்லை.

எதையும் கழுவாதீர்கள். மண்ணெண்ணெய், வயர் பிரஷ், உப்புத்தாள் மூன்றையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். நாம் தேடும் எண்கள் பெரும்பாலும் மெல்லிய தகட்டிலோ மென்மையான உலோகத்திலோ லேசாக அடித்தவை, ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் போய்விடும். கிரீஸ் தாளில் சுற்றியிருப்பதைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பிரிக்காத பேரிங் பொட்டலம் வேறு விலை, பிரித்த பேரிங் வேறு விலை. அப்புறம், பெட்டியில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே அடுக்கடுக்காகப் படம் எடுத்து வையுங்கள். ஒரே டப்பாவில் கிடப்பவை ஒரே வண்டியில் கழற்றியவையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாமனார் கைப்பட எழுதிய துண்டுச் சீட்டு எதையாவது பார்த்தால் அதை அந்தச் சாமானோடு சேர்த்தே கட்டிவிடுங்கள்.

காகிதங்களைத் தனியாக ஒரு பையில் போடுங்கள். ஜி.பி. ரோடு உதிரிப்பாகக் கடை பில், கம்பெனி பார்ட்ஸ் புத்தகம், கிழிந்த ஆர்.சி. புக், எதுவானாலும் சரி. பார்ட்ஸ் புத்தகத்தில் எஞ்சினைப் பிரித்துப் போட்ட படமும் ஒவ்வொன்றுக்கும் எண்ணும் இருக்கும். பாதிப் பெட்டியை நீங்களே அடையாளம் கண்டுவிடலாம். ஆர்.சி.யைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அதுதான் பெரிய விஷயம்.

சரி, எந்த வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெட்ராஸில் அந்தக் காலத்துப் பட்டறை என்றால் பெரும்பாலும் சில வண்டிகள்தான். புல்லட் நம்ம ஊர் வண்டி. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின, தொழிற்சாலை திருவொற்றியூர். அடுத்து மைசூர் ஐடியல் ஜாவாவின் ஜாவாவும் யெஸ்டியும். அப்புறம் எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத், 1983-ல் வந்த ராஜ்தூத் 350, 1985 முதல் 1996 வரை தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100. இவற்றோடு இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட பி.எஸ்.ஏ. எம் 20, நார்ட்டன் 16 ஹெச், மேட்ச்லெஸ் ஜி3எல் போன்றவற்றின் சாமான்களும் கலந்திருக்கலாம். பிரிட்டிஷ் ராணுவச் சாமான் என்றால் ஒரு சின்ன அம்புக்குறி, மூன்று கோடு ஒரு புள்ளியில் சேர்வதுபோல், அடித்திருப்பார்கள். அதைப் பார்த்தால் தனியே எடுத்து வையுங்கள்.

வண்டியின் பெயர் தெரியாத துண்டு கிடைத்தால் மரையைப் பாருங்கள். பழைய புல்லட்டும் இங்கிலாந்து வண்டிகளும் இன்ச் மரை. ஜாவா, ராஜ்தூத், யமஹா எல்லாம் மில்லிமீட்டர் மரை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், மரை அளக்கும் திரெட் கேஜ் ஒன்றும் விட்டம் அளக்க ஒரு வெர்னியரும் போதும். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள்களிலும் போட்ட பழைய பிரிட்டிஷ் சைக்கிள் மரை இன்ச்சுக்கு 26 புரி. ஒரு புரி 0.977 மி.மீ., அதாவது ஒரு மி.மீ. மரைக்கு மிக அருகில். போல்ட்டும் அப்படியே: 5/16 இன்ச் என்பது 7.94 மி.மீ., எட்டு மி.மீ. போல்ட்டைப் போலவே தெரியும். சின்ன நட்டில் கேஜை வைத்தால் இரண்டும் பொருந்துவதுபோல் ஏமாற்றும். நீளமான மரையில் வைத்துப் பாருங்கள், போல்ட் தலைக்கு எந்த ஸ்பேனர் சேருகிறது என்றும் பாருங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்றுகூட இறுக்கமாக உட்காரவில்லை என்றால் அது பெரும்பாலும் இங்கிலாந்து வழி வந்த சாமான். ஹார்லிக்ஸ் டப்பாக்களை எடைக்குப் போடாதீர்கள் என்று இதற்காகவே சொல்கிறேன். சைக்கிள் மரை நட்டு இன்று சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைக்காது. பிரித்து விற்க வேண்டாம், டப்பாவோடு ஒரு லாட்டாகக் கொடுத்துவிடலாம்.

எண்களில் இரண்டு வகை. வார்ப்பிலேயே புடைத்து நிற்பது ஒன்று, வார்த்த பிறகு சுத்தியலால் அடித்தது இன்னொன்று. வார்ப்பில் இருப்பது அச்சின் எண். ஒரே அச்சில் வார்த்து வெவ்வேறு மாடலுக்குக் கடைந்திருப்பார்கள். அதை மட்டும் வைத்து 'இது இந்த மாடல்' என்று முடிவுகட்டினால் தப்பாகும். பி.எஸ்.ஏ. சாமானில் எண்ணின் முதல் இரண்டு இலக்கம் உதவும்: 66 என்றால் எம் 20 குடும்பம், 67 என்றால் ஏ 7, ஏ 10 இரட்டை சிலிண்டர் குடும்பம். ஜாவா 250-ன் பழைய எஞ்சினில் எண் 353 என்று தொடங்கும். ஆர்.எக்ஸ். 100 எஞ்சினில் 1எல்1 என்று இருக்கும்.

எண்ணே இல்லாவிட்டாலும் தயாரித்தவரின் பெயர் காலத்தைச் சொல்லும். எலக்ட்ரிக் சாமானில் வெறும் 'லூகாஸ், இங்கிலாந்து' என்று இருந்தால் ஒரு கதை. 'லூகாஸ் டி.வி.எஸ்.' என்று இருந்தால் அது 1961-க்கு முந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் அந்தக் கம்பெனி சென்னையில் பிறந்ததே அப்போதுதான். அசல் லூகாஸ் மேக்னட்டிலும் டைனமோவிலும் மாதமும் வருடமும் சின்னதாக அடித்திருப்பார்கள். 10 53 என்றால் 1953 அக்டோபர். 'பிரிக்கால்' மீட்டர் என்றால் கோயம்புத்தூர், 1975-க்குப் பிறகு.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம்.

அந்த வட்ட மீட்டர் ஸ்மித்ஸ் கம்பெனியுடையதாக இருந்தால் முள்ளைக் கவனியுங்கள். பழைய குரோனோமெட்ரிக் வகையில் முள் வழுக்கிக்கொண்டு ஏறாது, விட்டு விட்டுத் தாவும். உள்ளே கடிகாரம்போல் பல் சக்கரங்கள். 1960-களில் வந்த காந்த வகையில் முள் சீராக ஏறும். முதல் வகைக்கு மதிப்பு அதிகம். ஓடாமல் நின்றிருந்தாலும் வாங்குவார்கள், ரிப்பேர் செய்ய முடியும் என்பதால். 120 மைல் டயல் பொதுவாக 80 மைல் டயலைவிட அதிகம் பெறும். டயலின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும், எந்த வண்டிக்குச் செய்தது என்பதை அதை வைத்துத் தேடலாம். அது தெளிவாக வரும்படி படம் எடுங்கள். டயல் மங்கியிருக்கிறது என்று புது ஸ்டிக்கர் ஒட்டக் கொடுத்துவிடாதீர்கள். மங்கிய அசல் டயலுக்கு இருக்கும் மரியாதை பளபள டயலுக்கு இல்லை.

அமால் கார்புரேட்டரில் பெட்ரோல் கிண்ணம் தனியாகத் தொங்கினால் அது 1950-களின் நடுப்பகுதிக்கு முந்திய வடிவம். கிண்ணமும் உடலும் ஒரே வார்ப்பாக இருந்து, 376 போன்ற எண் இருந்தால் மோனோபிளாக். கிண்ணம் கீழே மையத்தில் இருந்தால் 1967 முதல் வந்த கான்சென்ட்ரிக். அதில் 626 என்றால் 26 மி.மீ. வாய், 930 என்றால் 30 மி.மீ. பெயரைப் பார்த்து ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் அமால் கார்புரேட்டர்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. புதுசு கிடைக்கும்போது தேய்ந்துபோன பழசுக்கு ஓர் எல்லைக்கு மேல் யாரும் தர மாட்டார்கள். காற்று வழியைத் திறந்து மூடும் ஸ்லைடை உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்றால் பாதி விலை போச்சு. புளோட், ஜெட், மேல் மூடி எல்லாம் குறையாமல் இருந்தால் நல்லது.

பிஸ்டன் மண்டையில் எண் இருக்கும். +20, +40, +60 என்றால் ஸ்டாண்டர்டைவிட அத்தனை தௌ பெரிது, அதாவது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. 350 புல்லட்டின் ஸ்டாண்டர்ட் போர், அதாவது சிலிண்டரின் உள் விட்டம், 70 மி.மீ. +20 என்றால் ஏறத்தாழ 70.5. ஜாவா 250-க்கு 65 மி.மீ. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் மண்டையைப் பாருங்கள், பட்டறைகளில் பெட்டி மாறிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டில் ஸ்டாண்டர்ட் சைஸுக்குத்தான் கிராக்கி என்பார்கள். நம் ஊரில் முக்கால்வாசி சிலிண்டர் பிளாக்குகள் ஏற்கெனவே ஒன்றிரண்டு தடவை போர் போட்டு, அதாவது குடைந்து பெரிதாக்கியவை, அதனால் பெரிய சைஸையும் தேடி வருவார்கள். ரிங் செட், பின், கிளிப்போடு இருந்தால் அதைப் பிரிக்காதீர்கள். செம்பியத்தில் 1949-லிருந்து இயங்கும் இந்தியா பிஸ்டன்ஸின் பழைய பெட்டியாக இருந்தால் பெட்டிக்குக்கூட ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கே கொஞ்சம் உண்டு.

லூகாஸ் மேக்னட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கையால் சுற்றினால் ஸ்பார்க் வருகிறது என்று யாராவது காட்டினால் அது போதாது. குளிர்ந்திருக்கும்போது நன்றாகத் தீப்பொறி தரும், எஞ்சின் சூடானதும் செத்துவிடும். உள்ளே இருக்கும் பழைய கண்டென்சரும், காயிலில் பூசிய அரக்கு இளகிப்போவதும்தான் பெரும்பாலும் காரணம். ஆகவே 'புதிதாகச் சுற்ற வேண்டிய மேக்னட்' என்று சொல்லியே விற்பது நல்லது. வாங்குகிறவருக்கும் அது தெரியும், உங்கள் பேச்சில் நம்பிக்கை வரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் பட்டறைக்குள் தண்ணீர் வந்ததாகச் சொன்னீர்கள். மூழ்கிய பெட்டியை மற்றவற்றோடு கலக்காதீர்கள். வார்ப்பிரும்பு, அலுமினியம், பித்தளை பிழைத்துக்கொள்ளும். மேக்னட், டைனமோ, பேரிங், கிராங்க் அப்படியில்லை. கிராங்கைக் கையால் வலுக்கட்டாயமாகச் சுற்றிப் பார்க்க வேண்டாம், உள்ளே துரு இருந்தால் உருளைகளைக் கீறிவிடும். ரப்பர் சாமான் வெள்ளம் பாராவிட்டாலும் கணக்கில்லை. முப்பது வருடம் ஆன ஆயில் சீல் கம்பெனி பெட்டியில் இருந்தாலும் கல்லாகியிருக்கும்.

டேங்கில் ஒரு சின்னக் காந்தத்தை ஓட்டுங்கள். பிடிக்காத இடத்தில் தடிமனாகப் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். மேல் துரு பரவாயில்லை, அடித்தகட்டில் ஓட்டை இருந்தால் விலை இறங்கும். என்ஃபீல்டு டேங்கில் கையால் போட்ட தங்கக் கோடு இன்னும் தெரிகிறது என்றால், பெயின்டர் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். கீறலோடு இருக்கும் கம்பெனி பெயின்டைத்தான் விவரம் தெரிந்தவர்கள் தேடுகிறார்கள்.

இப்போது அந்த எஞ்சின் கேஸ். பெட்டியில் இருப்பதிலேயே கவனமாகக் கையாள வேண்டியது இதுதான். இரண்டு பாதியையும் தேடி எடுங்கள். பிரிட்டிஷ் கேஸ்களை ஜோடியாகவே சேர்த்துக் கடைவார்கள், அடிப்பக்கத்தில் இரண்டு பாதியிலும் ஒரே எண் அடித்திருக்கும். அந்த எண்கள் ஒத்தால் ஜோடி. ஒற்றைப் பாதிக்குப் பெரிய விலை இல்லை.

வெளிப்பக்கம் அடித்திருப்பது எஞ்சின் எண். இதுதான் ஆர்.சி.யில் வருவது. உங்கள் காகிதப் பையில் இந்த எண் உள்ள ஆர்.சி. இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை தேடுங்கள். எம்.எஸ். அல்லது எம்.டி. என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர் பிளேட் சாக்கில் கிடந்தால் அதுவும் ஒரு துப்பு. எஞ்சின், சேசிஸ், ஆர்.சி. மூன்றும் ஒத்துப்போனால் உங்களிடம் இருப்பது உதிரிப்பாகம் இல்லை, பிரித்துப் போட்ட ஒரு முழு வண்டி. துண்டு துண்டாக விற்றால் வருவதைவிடப் பல மடங்கு அதற்கு மதிப்பு. ஒரு நட்டைக்கூட அதிலிருந்து பிரித்து விற்காதீர்கள்.

ஆர்.சி. மாமனார் பெயரில் இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் விண்ணப்பம் தர வேண்டும் என்பது விதி. தாண்டியிருந்தாலும் போய்க் கேளுங்கள், தள்ளிப்போடத் தள்ளிப்போடத்தான் சிக்கல். வண்டி ஐம்பது வருடம் கடந்து, சேசிஸோ எஞ்சினோ பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால், 2021-ல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருடம் செல்லும், நம்பரில் வி.ஏ. என்று வரும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது.

ஆர்.சி. இல்லாமல் எண் அடித்த கேஸ் மட்டும் இருந்தால் நிதானம் வேண்டும். பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்து நின்றுபோன யாரோ ஒருவருடைய வண்டியாக இருக்கலாம். எண்ணைச் சுற்றி அரத்தால் தேய்த்த தடம் இருந்தால் அதை விற்கவே வேண்டாம். சுத்தமாக இருந்தால், யாரிடமிருந்து யாருக்கு, எந்த எண் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, அவர் ஆதார் நகலோடு விற்றுக்கொள்ளுங்கள். "எண்ணைத் தேய்த்துவிட்டுக் கொடுங்கள், நல்ல விலை தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விலைக்கு வருவோம். வயசு விலையைத் தீர்மானிப்பதில்லை. அந்தச் சாமான் இன்று புதிதாகக் கிடைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின் பல பத்தாண்டுகள் அதிகம் மாறாமல் வந்தது. அதனால் அதன் பிஸ்டன், வால்வு, கிளட்ச் தட்டு, கிராங்க் பின் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. பழசு என்பதால் அவற்றுக்கு யாரும் கூடுதலாகத் தர மாட்டார்கள். 'ரெட்டிச்' முத்திரை இருந்தால் மட்டும் பேச்சு வேறு.

உண்மையில் அரிதாவது எது தெரியுமா? தேயாத சாமான்தான். அந்தக் காலத்தில் வண்டியை அழகுபடுத்துகிறேன் என்று கழற்றி வீசியவை: டூல் பாக்ஸ் மூடி, ஏர் ஃபில்டர் டப்பா, டேங்க் முட்டி ரப்பரைப் பிடிக்கும் தகடு, ஹெட்லைட் ரிம், பேட்ஜ். ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்த பையன்கள் முதலில் மாற்றியது சைலன்சரைத்தான். ஆகவே கம்பெனி சைலன்சர், சைடு பேனல், ஜப்பான் முத்திரை உள்ள மிக்குனி கார்புரேட்டர் எல்லாம் இன்று தேடுகிற பண்டம். ராஜ்தூத் 350-ல் 30.5 குதிரைத்திறன் 'ஹெச்.டி.' (ஹை டார்க்) வகையும் 27 குதிரைத்திறன் 'எல்.டி.' (லோ டார்க்) வகையும் உண்டு. பிளாக்கின் போர்ட் (வாயு போய்வரும் துளை) அளவு இரண்டுக்கும் வேறு. அளக்காமல் பொதுவாக '350 பிளாக்' என்று விற்றால் நஷ்டம் உங்களுக்கு. சாக்கில் வளைந்த தகடுகள் கிடந்தால் அவற்றைக் காயலான் கடைக்குத் தள்ளுவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள்.

இணையத்தில் விலை தேடும்போது, கேட்கிற விலையை விட்டுவிட்டு விற்றுமுடிந்த விலையை மட்டும் பாருங்கள். இங்கிலாந்து ஏல விலையை அப்படியே ரூபாயாக்காதீர்கள். அது சோதித்துப் பார்த்து, உத்தரவாதம் கொடுத்து, அங்கேயே கைமாறிய விலை. நீங்கள் அனுப்பினால் பேக்கிங், கூரியர், அந்த ஊர்ச் சுங்கம் எல்லாம் கழியும். மீட்டர், மேக்னட் போன்ற சின்னச் சாமானுக்கு அந்த வழி கட்டும். டேங்குக்குக் கட்டாது.

உள்ளூரில், வாங்கப்போகிறவரையே மதிப்புப் போடச் சொல்லாதீர்கள். ஓய்வில் இருக்கும் பழைய புல்லட் அல்லது ஜாவா மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஒரு நாள் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாமனாரிடம் தொழில் கற்ற பையன்கள் யாராவது இருப்பார்கள், அவர்கள்தான் முதல் சாய்ஸ். எந்த டப்பாவில் என்ன போட்டார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நல்ல சாமானை, பழைய வண்டியைச் சீர்செய்கிறவர்களுக்கு ஒவ்வொன்றாக விற்கலாம். நடுத்தரமானதைப் புதுப்பேட்டையில் இரண்டு மூன்று கடைகளில் தனித்தனியாகக் கேளுங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் விளக்கு, பேட்ஜ், பழைய ஸ்பேனர் போன்றவை போகும், எஞ்சின் சாமானை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

மொத்தமாக மட்டும் பேசாதீர்கள். மொத்த விலை சொல்கிறவர் மனதில் இரண்டு மூன்று சாமானுக்குத்தான் விலை இருக்கும், மீதி அவருக்கு இலவசம். உங்கள் பெட்டியில் அந்த மூன்று, மீட்டரும் மேக்னட்டும் கேஸும் என்றுதான் நினைக்கிறேன். அவற்றைத் தனியே வைத்துவிட்டு, "இதெல்லாம் இல்லாமல் எவ்வளவு?" என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சொன்ன 25,000 எங்கே நிற்கிறது என்று உடனே தெரியும்.

இப்போதைக்கு நான்கு படங்கள் அனுப்புங்கள்: கேஸின் எஞ்சின் எண், அதன் அடிப்பக்க ஜோடி எண்கள், மீட்டர் டயலின் கீழ்ப்பகுதி, மேக்னட்டின் பெயர்த்தகடு. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கவாட்டில் சாய்வாக எடுத்தால் மெல்லிய எண்ணும் தெரியும். எண் தெளிவில்லை என்றால் கொஞ்சம் சாக்பீஸ் பொடியைத் தடவித் துடைத்துவிட்டு எடுங்கள், பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும்.